அந்த ஊசி பேரு என்னங்க டாக்டர்?

ஆபீஸில் லீவ் கேட்பதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. பாட்டி போய்விட்டால் மூன்று நாள் (சில பேருக்கு ஏழெட்டுப் பாட்டிகள்!). பெரியப்பா என்றால் இரண்டு நாள். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அரை நாள் பர்மிஷன். ஆனால், "நாய் செத்துப்போச்சு ஸார்" என்று போய் நின்று பாருங்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்ப்பார். "நாயா?" என்பார். அப்புறம் ரொம்பப் பெரிய மனசோடு, "வேற ஒண்ணு வாங்கிக்கலாமேய்யா!" என்பார்.

அதனால்தான் என்னைப் போன்றவர்கள் லீவ் லெட்டரில் 'சொந்த விஷயம்' என்று எழுதுகிறோம். பொய்யே இல்லை. சொந்தம்தானே!

எங்கள் சொந்தத்தின் பெயர் நாடா. அம்மாபேட்டைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் பாவு இழைகளுக்கு நடுவே ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுமே, அதுதான் நாடா. ஆறு வருஷத்துக்கு முன்னால் சாக்கடை ஓரத்தில் கிடந்த செம்பட்டைக் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்த அன்றைக்கே வாசலுக்கும் புழக்கடைக்குமாக நாற்பது தடவை ஓடியது. குழித்தறியில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்து, "நாடா மாதிரியில்ல ஓடுது" என்றார். ரேஷன் கார்டில் ஏறாததுதான் பாக்கி.

ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி வம்சப் பெருமை எதுவும் கிடையாது. சுத்தமான தெரு நாய். தட்டுவடை செட்டில் செட்டை விட்டுவிட்டுத் தட்டுவடையை மட்டும் தின்னும். ஆடிப் பண்டிகையில் வாணம் வெடித்தால் தறிக்குழிக்குள் இறங்கி அப்பாவின் கால் மேல் படுத்துக்கொள்ளும். அப்பாவும் காலை அசைக்காமல் அப்படியே நெய்வார்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை நாடா சோறு தின்னவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. காது மடலுக்குள் உண்ணி. மறுநாள் சாயந்திரம் ஆட்டோ பிடித்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். (பெயர் வேண்டாம். காரணம் கடைசியில் உங்களுக்கே புரியும்.)

டாக்டருக்கு அவசரம். வெளியே கூட்டம். தெர்மாமீட்டர் வைக்கவில்லை. ரத்தம் எடுக்கவில்லை. "உண்ணிக் காய்ச்சல்" என்றார். சரியாகக்கூட இருக்கலாம். அப்புறம் நாடாவை ஒரு பார்வை பார்த்து, "இருபது கிலோ இருக்குமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு மருந்தை உறிஞ்ச ஆரம்பித்தார்.

"பதினாலு கிலோ ஸார்" என்றேன். இரண்டு வாரம் முன்புதான் செவ்வாய்பேட்டை மண்டியில் மூட்டை போடும் தராசில் நிறுத்தி எடை பார்த்திருந்தோம். அவர் திரும்பவில்லை. இரண்டு ஊசி.

"இது என்ன ஊசிங்க ஸார்?"

"பேரைச் சொன்னா உங்களுக்குப் புரியுமா?"

"எழுதிக் கொடுத்தீங்கன்னா..."

"நாய்க்கெல்லாம் சீட்டா? அறுநூறு ரூபா கொடுங்க. நாளைக்குச் சாப்பிடும், கூட்டிட்டுப் போங்க."

ஆட்டோ பட்டைக்கோயில் தாண்டுவதற்குள் நாடாவின் கால்கள் பின்னிக்கொண்டன. ஈறு வெள்ளையாக வெளுத்தது. திரும்பிப் போனோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கிளினிக் பையன், "டாக்டர் கிளம்பிட்டாருங்க" என்றான். போன் அடித்தோம். எடுக்கவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு அப்பா மடியிலேயே முடிந்துவிட்டது.

நான் ஆபீஸில் கணக்குப் பிரிவு. துக்கத்திலும் கணக்குத்தான் ஓடியது. பதினாலு கிலோவுக்குப் போட வேண்டியதை இருபது கிலோவுக்குப் போட்டால் நூற்றுக்கு நாற்பத்து மூணு பங்கு அதிகம். உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்துகளில் சிலது அளவு மீறினால் நாயின் மூளையையே பாதிக்கும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் கிருமிகளில் ஒரு வகை, ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்து அழிக்கும். அதனாலேயே ஈறு வெளுக்கும். எவ்வளவு நல்ல வைத்தியம் பார்த்தாலும் சில நாய்கள் பிழைப்பதில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தால் கிருமி தெரிந்திருக்கலாம். பார்க்கவில்லை. ஆக, நாடாவைக் கொன்றது ஊசியா, உண்ணியா? இன்றுவரை விடை இல்லை.

விடை கிடைக்க ஒரே வழிதான் அன்றைக்கு இருந்தது: போஸ்ட்மார்ட்டம். நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐஸ் கட்டி வைத்து எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பலாம் என்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செத்த பொறவும் குத்தணுமாடா?" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் யார் பேசுவது? முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

அடுத்த வாரம் வக்கீல் நண்பனிடம் போனேன். அவன் ஸ்பெஷல் டீ சொல்லிவிட்டுச் சட்டத்தை விரித்தான்.

"1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்துல யானை, ஒட்டகம், குதிரை, மாடு எல்லாத்துக்கும் பேர் இருந்துச்சு. நாய்க்குப் பேரே கிடையாது. 'பத்து ரூபாயும் அதுக்கு மேலும் பெறுமானமுள்ள மிருகம்'னு பொதுவா ஒரு பிரிவு, அம்பது ரூபாய்க்கு இன்னொரு பிரிவு. 2024 ஜூலை 1-ல வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல, 325-வது பிரிவு, அந்த ரூபாய்க் கணக்கையே எடுத்துட்டாங்க."

"அப்ப கேஸ் போடலாமா?"

"அது விஷம் வைக்கிறவன், வேணும்னே அடிச்சுக் கொல்றவனுக்கு. வைத்தியத்துல கவனக்குறைவுங்கறது வேற. 1995-ல சுப்ரீம் கோர்ட், காசு வாங்கிட்டுப் பார்க்கற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சொல்லிடுச்சு. அது மனுஷ டாக்டரைப் பத்தினது. ஆனா கட்டணம் வாங்கற கால்நடை டாக்டர் மேலயும் அதே வழியில நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில்லயும் புகார் கொடுக்கலாம். சரி, பில் எங்கே?"

"கொடுக்கலை."

"மருந்துச் சீட்டு?"

"எழுதலை."

"போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்?"

நான் டீயைக் குடித்தேன். அவன் சட்டத்தை மூடினான். அவன் மேல் தப்பில்லை. சந்தேகத்துக்குக் கோர்ட்டில் நாற்காலி போட மாட்டார்கள். அதனால்தான் டாக்டர் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. நிரூபிக்க முடியாத ஒன்றை ஊரறியச் சொல்வது நியாயமில்லை. அவர் தப்பே செய்யாமலும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளக்கூட ஒரு துண்டுக் காகிதம் இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அப்பாவுக்கு ஆத்திரமெல்லாம் இல்லை. தறியில் உட்கார்ந்திருப்பார். திடீரென்று நாடாக் கயிற்றை விட்டுவிட்டு, "அந்த ஊசி பேரு என்னடா?" என்பார். "தெரியலப்பா" என்பேன். மறுபடி தறி ஓடும். நாலு நாள் கழித்து அதே கேள்வி. ஒருநாள் அவரே சொன்னார்: "பாவுல ஆயிரக்கணக்கான இழை இருக்கு. ஒண்ணு அறுந்தா எந்த எடம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா முடிச்சுப் போட்டுட்டு மேல நெய்யலாம். இது எங்க அறுந்துச்சுன்னே தெரியலையேடா..."

எனக்குப் புரிந்தது. துக்கம் ஆறுவதற்குக்கூட ஒரு தகவல் வேண்டியிருக்கிறது.

ஆகவே, நாயோ பூனையோ வளர்க்கிற நண்பர்களே, வெட்கப்படாமல் கேளுங்கள். ஊசிக்கு முன்னால் எடை போடச் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். மறுத்தால், புட்டியின் லேபிளையாவது செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "கிளம்புங்க" என்றாலும் அரை மணி நேரம் வாசல் திண்ணையில் உட்காருங்கள். ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடும். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டர் பாருங்கள்.

நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் ஸார். போன மாதம் எதிர்வீட்டுப் பையன் குட்டிநாய்க்கு வாந்தி. துணைக்கு அப்பா போனார். வேறு கிளினிக். சின்ன வயசுப் பெண் டாக்டர். தராசில் நிறுத்தி, காய்ச்சல் பார்த்து, ஒவ்வொரு மருந்தையும் பெயர், அளவு, நேரத்தோடு எழுதிக் கொடுத்து, "சந்தேகம்னா ராத்திரி போன் பண்ணுங்க ஐயா" என்றாராம்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அந்தச் சீட்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையனிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பத்திரமா வைடா தம்பி. இதுல ஒவ்வொரு இழையும் தெரியுது."