மகாராஜா கொடுத்த ரிவால்வர்

புதுக்கோட்டைப் பக்கத்தில் பழம்பொருள் வாங்குவோர்க்கு ஒரு தொல்லை உண்டு. வெண்கலக் குத்துவிளக்காயினும், பர்மாத் தேக்குக் கட்டிலாயினும், மை காய்ந்த பேனாவாயினும், விற்பவர் வாயிற்பட்ட மாத்திரத்தே அது ‘மகாராஜா கொடுத்தது’ ஆகிவிடும். தொண்டைமான் மரபினர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி, 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணையும் வரை ஆண்ட ஊராதலின், அவர்கள் கொடுத்தன பலவும் மெய்யே. ஆயினும் இன்று விற்பனைக்கு வருவனவற்றையெல்லாம் அவர்களே கொடுத்திருப்பின், அரண்மனையில் அவர்கள் உட்காருவதற்கு ஒரு பலகைகூட எஞ்சியிராது.

எம் நண்பரொருவர் ஆலங்குடிக்கு அணித்தாக நிலம் வைத்து விவசாயம் செய்பவர். இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றுக்கு நெடுநாளாக உரிமம் உடையவர். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கவும் கலெக்டரிடத்து அனுமதி பெற்றிருந்தார். சென்ற ஆண்டு தை மாதத்தில் அவர் எம்மிடம் வந்து, திருக்கோகர்ணத்தில் வாழும் முதிய அம்மையார் ஒருவர், காலஞ்சென்ற தம் கணவரின் ரிவால்வரை மூன்று லட்சம் ரூபாய்க்குக் கொடுக்க விரும்புகிறார் என்றும், அது வெப்ளி கம்பெனியாரது .32 கருவி என்றும், கணவரின் தந்தையார் சமஸ்தானக் காடுகளில் மகாராஜாவோடு வேட்டைக்குச் சென்றதற்குப் பரிசாகப் பெற்றது என்றும் கூறினார். “சார், நீங்கள் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள். அந்த விலை தகுமா?” என்றார்.

நண்பரின் கையிலிருந்த மூன்று லட்சம் சும்மா இருந்த பணமன்று. அவருடைய ஆழ்துளைக் கிணறு இரண்டு கோடைகளாக நீர் குன்றி வந்தது. அதனை ஆழப்படுத்துதற்கென்று ஒதுக்கிய தொகை அது. மற்றொன்றும் உண்டு. ஆயுதச் சட்டம் 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்டபின் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்னும் பழைய வரம்பு இரண்டாகக் குறைந்தது. நண்பர் இதனை வாங்குவாராயின் அவருடைய இரண்டாம் இடமும் நிரம்பிவிடும். அம்மையார் பக்கத்திலும் அவசரம் இருந்தது. உரிமம் பெற்றவர் இறந்தால் அவருடைய கருவியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். விதித்த காலத்துள் விற்காமலும் உரிமம் பெற்று மீட்காமலும் விட்டால் அது அரசாங்கத்துக்குப் பறிமுதலாகும். இந்த ரிவால்வர் திருச்சியிலுள்ள ஒரு கடையில் அவ்வாறே கிடந்தது.

திருச்சிக்குச் செல்லுமுன் விலையைப்பற்றிச் சிறிது ஆராய்ந்தோம். இவ்வகை வெப்ளி அமெரிக்காவில் சில நூறு டாலர்களுக்குக் கைமாறுவது. அது பிறந்த இங்கிலாந்திலோ, 1996-இல் டன்பிளேன் பள்ளியில் நிகழ்ந்த படுகொலைக்குப்பின் 1997-ஆம் ஆண்டுச் சட்டங்களால் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முற்றும் தடுக்கப்பட்டமையின், அங்கே சாதாரண மனிதர் அதனை வைத்திருக்கவே இயலாது. நம் நாட்டில் மட்டும் அதற்கு லட்சக்கணக்கில் விலை சொல்வானேன் எனின், 1980-களின் நடுவிலிருந்து தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது தடைப்பட்டு வந்திருப்பதே காரணம். முன்பே உள்ளே வந்துவிட்ட கருவிகள் எத்தனையோ அத்தனைதான். அவையே உரிமக்காரர் கைகளுக்குள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆகவே இங்கே கொடுக்கும் விலையிற் பெரும்பகுதி பழமைக்கன்று, தடைக்கே கொடுக்கப்படுகிறது. நாளை அரசாங்கம் ஓர் உத்தரவால் தடையைத் தளர்த்துமாயின் இவ்விலை வெயிலில் வைத்த வெண்ணெயாகும். கான்பூரில் அரசினர் தொழிற்சாலையார் .32 ரிவால்வரைப் புதிதாகவே செய்து தருகின்றனர். வெப்ளி என்னும் பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தில் அண்மையில் உற்பத்தி தொடங்கியுமிருக்கிறது. இவற்றை நண்பரிடம் சொன்னோம். அவர், “புதியதற்கு நான் ஆசைப்படவில்லை சார், இது ராஜா காலத்துப் பொருள்” என்றார். அவர் மனம் கதையிலேயே தங்கியிருந்தது.

இடையில் ஒருவர் நண்பரிடம், “புராதனப் பொருளுக்கு லைசென்சே வேண்டாம்” என்று ஓதியிருந்தார். இஃது ஆபத்தான பேச்சு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் விலக்களிப்பது, பழைய முறையிலமைந்ததோ பழம்பொருள் மதிப்புடையதோ பழுதுற்றதோ ஆகி, பழுது பார்த்தாலும் பாராவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாத கருவிக்கே. சுடக்கூடிய ரிவால்வர் எவ்வளவு கிழமெய்தினும் ரிவால்வரே. அன்றியும், தொல்பொருள்களைப் பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பொருள் குறைந்தது நூறாண்டேனும் கடந்திருக்க வேண்டும் என்கிறது.

திருச்சிக் கடையில் அதனைக் கையிலெடுத்துப் பார்த்தோம். வெப்ளி அண்டு ஸ்காட் என்பது 1897-இல் மூன்று கம்பெனிகள் ஒன்றாகி பர்மிங்ஹாமில் ஏற்பட்ட நிறுவனம். 1979-இல் துப்பாக்கி செய்வதை நிறுத்தியது. அவர்களது ரிவால்வர் நடுவில் மடியும் அமைப்புடையது. இடப்பக்கத்து நெம்பைக் கட்டைவிரலால் அழுத்த, அங்கவடி போன்ற பூட்டு விலகிக் குழல் கீழே சாயும். சாயும்போதே நட்சத்திர வடிவத் தள்ளி எழுந்து, சுட்ட ஆறு தோட்டாக் கூடுகளையும் ஒருங்கே வெளியே தள்ளும். குழல் இரண்டு மூன்று முறை சாய்ந்து நிமிர்ந்தது. பூட்டில் ஆட்டமில்லை. விசையை மெல்ல இழுத்துச் சுழலறை ஒவ்வொன்றும் குழலுக்கு நேரே வந்து நிற்கிறதா என்று பார்த்தோம். ஆறும் நின்றன. குழலுக்குள் வெளிச்சத்தை விட்டுப் பார்க்க, உள்வரிகள் கூர்மையாகவும் துருவின்றியும் இருந்தன. வரிசை எண் தெளிவாயிருந்தது. எழுத்துகள் ஆழமாகவும் நேராகவும் வெட்டப்பட்டிருந்தன. இதனைக் கவனித்தல் வேண்டும். கள்ளக் கருவி செய்வோர் சீமைக் கம்பெனியின் பெயரை வெட்டுங்கால் ஓரெழுத்தேனும் கோணிவிடுவதுண்டு. குறையென்பது ஒன்றே. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றியிருந்தார். கம்பெனியார் இட்ட கருநீலப் பூச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. பழம்பொருளைப் பளபளப்பாக்கி விலையை உயர்த்திவிட்டதாக மகிழ்வோர், உண்மையில் தம் கையாலேயே பணத்தைத் தேய்த்துக் கொட்டுகின்றனர்.

பிறகு பூதக்கண்ணாடியால் முத்திரைகளைப் பார்த்தோம். பர்மிங்ஹாமில் 1813-ஆம் ஆண்டு பார்லிமெண்டின் சட்டத்தால் ஏற்பட்ட பரீட்சைச் சாலை ஒன்று உண்டு. துப்பாக்கி விற்பனைக்கு வருமுன் அங்கே வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால் மகுடத்தோடு கூடிய எழுத்துகளை அதன் மேனியிற் பொறிப்பார்கள். 1904-ஆம் ஆண்டு முதல் புகையில்லா மருந்துக்குப் பரீட்சிக்கப்பட்டவற்றில் மகுடத்தின்கீழ் ‘என்.பி.’ என்றிருக்கும். 1954-ஆம் ஆண்டின் விதிகளால் அது மாறி, ‘பி.என்.பி.’ என்னும் மூன்றெழுத்தாயிற்று. எம் கையிலிருந்த ரிவால்வரின் குழலிலும் சுழலறையிலும் இருந்தவை மூன்றெழுத்துகளே. பழைய கருவியை மறுமுறை பரீட்சிப்பதும் உண்டு. ஆயின் அப்பொழுது பழைய முத்திரையும் அருகே கிடக்கும். எவ்வளவு தேடியும் இதில் அஃதில்லை. தேய்த்தவர் கை முத்திரையிருந்த இடங்களிற் படவுமில்லை. ஆகவே இது 1954-க்குப் பின் பர்மிங்ஹாமை விட்டுப் புறப்பட்டது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே சமஸ்தானம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டது.

நண்பரின் முகம் சுண்டிப் போயிற்று. எமக்கோ அதனினும் பெரிய சங்கடம் ஒன்று காத்திருந்தது. விலையைக் குறைத்துக் கேட்பதாயின் காரணத்தை அம்மையாரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல், “மெருகு போய்விட்டது” என்று மட்டும் கூறிப் பேரம் பேசிவிடலாம் என்றார் நண்பர். யாம் உடன்படவில்லை. வேறொருவர் நாளை அதே முத்திரையைக் காட்டி அவரை ஏமாற்றுக்காரி என்று சொல்லக்கூடும். அன்றியும் பொருளின் மெய்வரலாறு பொருளுக்குரியவரிடமே மறைக்கப்படுவது முறையாகத் தோன்றவில்லை.

அம்மையார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முத்திரையைப்பற்றித் தாளில் வரைந்து காட்டினோம். அவர் நெடுநேரம் அத்தாளையே பார்த்திருந்தார். “அப்படியானால் அவர் என்னிடம் நாற்பது வருஷமாகப் பொய்யா சொன்னார், தம்பி?” என்று எம்மை விடுத்து நண்பரைக் கேட்டார். நண்பர் வாய் திறக்கவில்லை. “அம்மா, முத்திரை இந்த இரும்பைப்பற்றி மட்டுமே பேசும். மகாராஜா தங்கள் மாமனாருக்கு ஒரு துப்பாக்கி கொடுத்திருக்கலாம். அது பழுதாகி, அதை மாற்றி இதனை வாங்கியிருக்கலாம். தங்கள் வீட்டுக்காரர் தம் தந்தையார் சொன்னதையே சொல்லியிருப்பார்” என்றோம். ஆறுதலுக்காகக் கட்டிய பேச்சன்று அது. வீட்டிலிருந்த உரிமப் புத்தகங்கள் எல்லாம் புதுக்கோட்டை தனி மாவட்டமான 1974-க்குப் பிற்பட்டவை. அதற்கு முன்னைய தாள் ஒன்றும் கிடைக்காமையால், அவ்வீட்டிற்கு எந்தத் துப்பாக்கி எப்பொழுது வந்தது என்பதை எவரும் அறுதியிட முடியாது.

அம்மையார் உள்ளே சென்று, ஒரு சுருக்குப்பையைக் கொண்டுவந்து திண்ணையிற் கவிழ்த்தார். சிறு செப்புக் காசுகள் பத்துப் பன்னிரண்டு உருண்டன. ஒருபுறம் பிரகதாம்பாளின் திருவுருவம், மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்னுஞ் சொல். நவராத்திரியில் அரிசியோடு சமஸ்தானத்தார் வழங்கிய அம்மன் காசு. “இதுவாவது ராஜா கொடுத்ததா?” என்று கேட்டார். ஐயமேயில்லை என்றோம். “என்ன விலை போகும்?” என்றார். எளிதிற் கிடைக்கும் காசாதலின் அதிகம் போகாது என்றோம். அவர் முதன்முறையாகச் சிரித்து, காசுகளை மீண்டும் பையிலிட்டுச் சுருக்கினார்.

பின்பு பேசியது கணக்கே. கடைக்காரர் இவ்வகைக் கருவிகள் இரண்டு அண்மையில் கைமாறிய தொகைகளை எமக்குச் சொல்லியிருந்தார். இயந்திரம் உறுதியாயிருப்பதற்காக அவற்றின் நடுமதிப்பை எடுத்துக்கொண்டு, மெருகு அழிந்ததற்குச் சிறிது கழித்து, அரண்மனைக் கதைக்கு ஒன்றும் சேர்க்காமல், ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் என்று மதிப்பிட்டோம். நண்பர் ஒன்றரைக்கு இறங்கிப் பார்க்க எண்ணினார். யாம் இசையவில்லை, பறிமுதல் நாளைக் காட்டி ஒரு விதவையிடம் இருபத்தையாயிரம் பறிப்பது பேரத்திற் சேராது. அம்மையார் சென்னையிலுள்ள மகனோடு தொலைபேசியில் பேசி, மறுநாள் ஒப்புக்கொண்டார்.

உரிமம் பெற்ற ஒருவருக்கு விற்கக் கருதும் தனியாள் அதனை மாவட்ட நீதிபதிக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதித் தெரிவித்து, 45 நாள் கழிந்த பின்னரே விற்றல் வேண்டும் என்பது சட்டம். மாவட்ட நீதிபதியாகிய கலெக்டரின் அலுவலகம் புதுக்கோட்டையில் இருப்பதோ, தொண்டைமான்களின் புது அரண்மனையாயிருந்த கட்டடத்திலேயே. அம்மையார் கையொப்பமிட்ட கடிதத்தை யாமே அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். பங்குனியில் திருச்சிக் கடையில் பணம் கைமாறியது. எஞ்சிய ஒன்றேகால் லட்சத்தை நண்பர் கிணற்றில் இறக்கினார். இன்னும் நூற்றிருபது அடி ஆழத்தில் ஓரளவு நீர் கிடைத்தது.