‘அப்பா போயிட்டாங்க’ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது டீச்சர்?

திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வாய் ஓயாது. புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். காலை உணவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே வருவதற்குள் சனி, ஞாயிறு சேதியெல்லாம் வந்து விழுந்துவிடும். மாமா வீட்டுக் காதுகுத்து, கண்மாயில் பிடித்த கெண்டை, கீரமங்கலத்தில் பூவைப் போட்டுவிட்டு அப்பா வாங்கி வந்த பரோட்டா. “டீச்சர்... டீச்சர்... எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுருச்சு டீச்சர்!”

“அப்படியா! இதையே இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம்.”

அவ்வளவுதான், அத்தனை சத்தமும் அடங்கிவிடும். ரொம்ப நேரம் யோசித்த பிறகு, “மை கோட்... டூ பேபி... கம்” என்று வரும்.

குட்டி பிறந்துவிட்டதா, இனிமேல்தான் பிறக்கப்போகிறதா, வருஷா வருஷம் இரண்டு பிறக்குமா? அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. ஆட்டுக்குட்டி விஷயத்தில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. எல்லா விஷயத்திலும் அப்படி விட்டுவிட முடியாது.

இதற்குப் பள்ளிக்கூடங்களில் காலங்காலமாக ஒரு வைத்தியம் உண்டு. கோ, வென்ட், கான். கம், கேம், கம். ஈட், ஏட், ஈட்டன். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி வகுப்பே சேர்ந்து ராகம் போடும். முழு அட்டவணையையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளை, அடுத்த நிமிஷமே “யெஸ்டர்டே ஐ கோ டு புதுக்கோட்டை” என்று சொல்வதைப் பார்க்காத இங்கிலீஷ் டீச்சர் இருக்க முடியாது. அட்டவணையில் தப்பில்லை. சொல்லுவதற்கு ஒரு கதை வருவதற்கு முன்னாலேயே அது வந்துவிடுகிறது, அதுதான் சிக்கல்.

இத்தனைக்கும் இறந்தகாலம் அந்தப் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை. நடந்தேன், சாப்பிட்டேன், ஓடினேன், போனேன் என்று வினைக்கு வினை தமிழ் உருமாறுகிறது. இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என்று நன்னூல் ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. எந்த அம்மாவும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. பள்ளிக்கு வருவதற்கு முன்பே போனான், போனா, போனாங்க, போச்சு என்று ஆளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பேசுகிற பிள்ளைகள் அவர்கள். இங்கிலீஷிலோ நான் போனாலும் வென்ட், அக்கா போனாலும் வென்ட், ஆடு போனாலும் வென்ட். இந்த ஒரு விஷயத்தில் அது சோம்பேறி மொழி. இதைச் சொன்னாலே பாதி பயம் போய்விடும்.

இந்த டீச்சர் அட்டவணையை ஜனவரிக்குத் தள்ளி வைத்துவிட்டார். திங்கட்கிழமை ஒரே ஒரு பிள்ளையின் கதை. முதலில் தமிழில் சொல்ல வேண்டும். டீச்சர் அதை நாலு வரி இங்கிலீஷாகக் கரும்பலகையில் எழுதுவார். அந்த நாலு வரிதான் அந்த வாரத்துப் பாடம். நோட்டில் எழுதுவது, படம் போடுவது, பேரை மாற்றிச் சொல்லிப் பார்ப்பது எல்லாம் அதை வைத்துத்தான். ஆட்டுக்குட்டி வாரத்தில் ஹேட், கேம், ட்ரேங்க் என்ற மூன்று சொல்லும் யாரும் மனப்பாடம் பண்ணாமலே நின்றுவிட்டன.

புதுக்கோட்டைக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட காலம் அது. வயலிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வந்து உட்கார்ந்த அந்தப் பெண்களுக்கு அ, ஆ என்று ஆரம்பிக்கவில்லை. ‘பட்டா’ மாதிரி அவர்கள் வாழ்க்கையை ஆட்டிவைக்கிற சொற்களில் ஆரம்பித்தார்கள். நியூசிலாந்தில் மாவோரி பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன் வார்னரும் இப்படித்தான் செய்தார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்கிறதோ அதை ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். அந்த அனுபவத்தை 1963-ல் ‘டீச்சர்’ என்ற பெயரிலேயே புத்தகமாக எழுதினார். பிள்ளை கேட்டு வாங்கிய சொல் லேசில் மறக்காது.

ஒரு திங்கட்கிழமை, எப்போதும் பேசாத ஒரு நாலாம் வகுப்புப் பெண் எழுந்து நின்றது. தமிழில் சொல்லவில்லை, நேராக இங்கிலீஷிலேயே ஆரம்பித்தது.

“மை ஃபாதர் கோ சிங்கப்பூர்.”

இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருப்பார்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவுதி. அதனால் இந்த வரியைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் மட்டும் கேட்டார். “போகப்போறாங்களா தங்கம், போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க டீச்சர். ராத்திரி. திருச்சி ஏர்போர்ட்டுக்கு கார் வந்துச்சாம். நான் தூங்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னது. “டாட்டா சொல்லல டீச்சர்.”

போகப்போகிறார் என்றால், இன்னும் கூட இருக்கும் நாட்களை எண்ணலாம். போய்விட்டார் என்றால், திரும்பி வரும் நாளைத்தான் எண்ண வேண்டும். ‘கோ’ என்ற சொல்லில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. டீச்சர் எழுதினார். மை ஃபாதர் வென்ட் டு சிங்கப்பூர். த கார் கேம் அட் நைட். ஐ வாஸ் அஸ்லீப். கடைசி வரியை எழுதுவதற்கு முன்னால், “சொன்னேன்னா ‘செட்’. சொல்லலைன்னா?” என்று வகுப்பைக் கேட்டார்.

“நாட் செட்!” என்றான் ஒருவன். “டிட் நாட் செட்!” என்றாள் ஐந்தாம் வகுப்புக்காரி ஒருத்தி.

ஐ டிட் நாட் ஸே டாட்டா.

இங்கேதான் பெரியவர்களும் தடுக்கி விழுகிறார்கள். ‘டிட் நாட் வென்ட்’ என்று ஆபீஸ் மெயிலிலேயே பார்க்கலாம். ஆனால் இதற்கு விடை தமிழிலேயே இருக்கிறது. போனேன் என்றால் முடிந்துபோன விஷயம் என்று அந்தச் சொல்லே காட்டிவிடும். போகல என்பதைப் பாருங்கள். ‘நேத்து நான் போகல’ என்றும் சொல்கிறோம், ‘நாளைக்கு நான் போகல’ என்றும் சொல்கிறோம். அதில் காலமே இல்லை. வினையை மொட்டை அடித்து, ‘போக’ என்று ஆக்கி, பின்னால் ‘இல்லை’யை ஒட்டியிருக்கிறோம். இங்கிலீஷிலும் ‘நாட்’ வந்தால் வினைக்கு மொட்டைதான். வென்ட் திரும்பவும் கோ ஆகிவிடும். கூடுதலாக, காலத்தைத் தூக்கிச் சுமக்க அங்கே ‘டிட்’ என்று ஓர் ஆள் இருக்கிறது, நமக்கு இல்லை. டீச்சர் பிள்ளைகளிடம் சொன்னது இன்னும் சுருக்கம்: “டிட் வந்தா வென்ட் வீட்டுக்குப் போயிரும்.”

கேள்வியில் தமிழ் இப்படிக் கைகொடுக்காது. ‘போனியா?’ என்று கேட்கும்போது இறந்தகாலம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு ‘யூ வென்ட்?’ என்றுதான் வரும், திருத்தினால் ‘டிட் யூ வென்ட்?’ என்று ஆகும். மறுப்பைவிடக் கேள்விக்கு இரண்டு மடங்கு நாள் ஒதுக்க வேண்டும், அவசரப்பட்டுப் பயனில்லை. கேட்க ஆசை வந்தால் கொஞ்சம் சீக்கிரம் வரும். அன்றைக்கும் ஒரு பையன் அந்தப் பெண்ணைப் பார்த்து “யூ க்ரை?” என்றான். டீச்சர் காதில் விழுந்தும் விழாத மாதிரி “டிட் யூ க்ரை?” என்று எடுத்துக் கொடுத்தார். அவன் அதையே திருப்பிக் கேட்டான்.

“நோ. ஐ டிட் நாட் க்ரை.”

“அழுதுச்சு டீச்சர், வேன்ல வர்றப்ப அழுதுச்சு!” என்றாள் பக்கத்தில் இருந்தவள். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

டீச்சர் தப்பு என்று சொல்லாமல், சரியான சொல்லைத் தன் பேச்சில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது இங்கே முக்கியம். கதை சொல்கிற பிள்ளையை நடுவில் நிறுத்தி, இலக்கணம் சொல்லி, மறுபடியும் ஆரம்பி என்றால் கதையும் போய்விடும், இலக்கணமும் ஏறாது. பொங்கல் சமயத்தில் ஒரு பையன் ஜல்லிக்கட்டுக் கதையோடு வந்தான். கந்தர்வக்கோட்டை பக்கத்துத் தச்சங்குறிச்சியில்தான் பெரும்பாலும் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும். அவன் பெரியப்பா மாடும் அவிழ்த்துவிட்டார்களாம்.

“மை பெரியப்பா புல் ரன்.”

“ஓ, த புல் ரேன்? தென்?”

“ரேன் டீச்சர். ஸ்பீடா ரேன். நோபடி கேட்ச்.”

“நோபடி காட் இட்?”

பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. “காட் இல்ல டீச்சர்! யாரும் பிடிக்கல!”

அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ‘யாரும் பிடிக்கல’ என்று தமிழில் மறுப்பு வினையில் வருகிறது. ‘நோபடி காட் இட்’டில் மறுப்பு முழுக்க ‘நோபடி’க்குள் போய்விட, வினை பிடித்த மாதிரியே நிற்கிறது. பெரியப்பா மாட்டை எவனோ பிடித்துவிட்டான் என்று டீச்சரே சொன்னால் சும்மா இருக்க முடியுமா? அதை விளக்கி முடிக்க ஒரு பீரியட் ஆனது. மாட்டின் மானம் காப்பாற்றப்பட்டது, நோபடி என்ற சொல் அந்த வகுப்பில் யாருக்கும் மறக்கவில்லை.

கொஞ்ச நாளில் வேறு ஒரு தப்பு வர ஆரம்பிக்கும். ‘ஈட்டெட்’, ‘கேட்ச்ட்’, ‘ரன்ட்’. நேற்று வரை சரியாக ‘ஏட்’ என்று சொன்ன பிள்ளைகூட ‘ஈட்டெட்’ என்னும். படித்தது மறந்துபோச்சு என்று வீட்டில் பதறுவார்கள். பதற வேண்டாம். அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற மொழியியலாளர் 1958-ல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைத்தார். ‘ரிக்’ என்று இல்லாத ஒரு வினையை உண்டாக்கி, இந்த ஆள் ‘ரிக்’ பண்ணுகிறான், நேற்றும் அதையேதான் பண்ணினான், நேற்று அவன் என்ன செய்தான் என்று கேட்டார். அதுவரை காதில் விழுந்தே இராத சொல். பிள்ளைகள் ‘ரிக்ட்’ என்றன. கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, விதியைப் பிடித்துவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி. ‘ஈட்டெட்’ சொல்லும் புதுக்கோட்டைப் பிள்ளைக்கும் அதேதான் நடந்திருக்கிறது. அட்டவணைக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். விதிக்கு அடங்காத சொற்கள் எவையெவை என்று இப்போது அவர்களே கேட்பார்கள்.

உச்சரிப்பில் ஒன்று. எழுத்தில் ‘எட்’ இருக்கிறது என்பதற்காக ‘வாக்கெட்’, ‘குக்கெட்’ என்று சொல்லக் கூடாது. வாக்ட், குக்ட் என்று ஒரே அசையில் முடித்துவிட வேண்டும். வினையே ட் ஒலியில் முடிந்தால் மட்டும்தான், வான்டட் மாதிரி, ஓர் அசை கூடும்.

பெரியவர்கள் வேறு மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். ‘நேத்து திருச்சி போயிருந்தேன்’ என்கிற பழக்கத்தில் ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு திருச்சி’ என்பார்கள். அங்கே வெறும் வென்ட் போதும். ‘ஹேட் கான்’ வர வேண்டுமானால், அதற்கப்புறம் நடந்த இன்னொரு சங்கதியும் கூட வர வேண்டும். பிள்ளை கண் விழித்தது, அதற்கு முன்பே அப்பா போயிருந்தார் என்கிற மாதிரி.

வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. சாயந்திரம் அப்பத்தாவோ அம்மாச்சியோ பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆச்சு, நீ என்ன சொன்னே என்று தமிழில் கேட்டால் போதும். முன்னால் நடந்ததை முன்னாலும் பின்னால் நடந்ததைப் பின்னாலும் வைத்துச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு, இங்கிலீஷில் சொல் மட்டும்தான் பாக்கி இருக்கும். செல்போனில் மூழ்கிய பிள்ளை தலையைத் தூக்காமல் “ஒண்ணும் நடக்கல” என்று சொன்னாலும் விட வேண்டாம். நத்திங் ஹேப்பன்ட் என்று நோட்டில் எழுதிக்கொண்டு மறுநாள் டீச்சரிடம் காட்டலாம். அதுவும் இறந்தகாலம்தான்.