பேசாத முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உவகை மிகுந்தால் முகம் மலர்கின்றது. சினம் மிகுந்தால் சிவக்கின்றது. துயரம் மிகுந்தால் வாடுகின்றது. இவற்றை அறிய ஆசிரியர் வேண்டுவதில்லை; தாய்மடியில் தவழும் குழவியும் அறியும். ஆனால், உவகையும் இன்றிச் சினமும் இன்றித் தன் வேலையில் ஈடுபட்டு வாளா இருக்கும் முகம் எதனைத் தெரிவிக்கின்றது? உண்மையில் அஃது ஒன்றையும் தெரிவிப்பதில்லை. எனினும், காண்பவர் அதற்கும் ஒரு பொருள் கூறாது விடுவதில்லை. அதனால் விளையும் தீமை சிறிதன்று.

யான் வாழும் நெமிலி, 2019ஆம் ஆண்டில் அமைந்த இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி செய்தலுக்கும் பெயர் பெற்றவை. என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை செய்கிறாள். துணியில் தையல் தவறினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இட்ட துளை மறையாது. ஆதலின், வேலை செய்யும்போது அவள் கண்கள் ஊசிமுனையிலேயே நிற்கும்; புருவம் சற்றே நெரியும்; இதழ்கள் மூடியிருக்கும்.

இதனைக் கண்ட உடன்பணியாளர் சிலர், “செருக்குடையவள்” என்றனர். வேறு சிலர், “நம்மேல் ஏதோ வருத்தம்” என்றனர். மேற்பார்வையாளரோ, “வேலையில் விருப்பமில்லாதவள்” என எண்ணினார். குழுத்தலைவி ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. பிழையின்றித் தைப்பதில் அவளே முதல்வி. ஆயினும், “எந்நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவளிடம் யார் சென்று பேசுவார்?” என்று கூறி அவளை ஒதுக்கிவிட்டனர். “ஐயா, எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. என் முகமே இப்படித்தான். இதை நான் எப்படி மாற்றிக்கொள்வேன்?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

மாணவர்களே! இக்கேள்விக்கு நம் நூல்கள் விடை தருகின்றன. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் தலைப்பில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும், இன்பத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். தன்னை அடுத்த பொருளைக் காட்டும் பளிங்கினை அவர் முகத்திற்கு உவமை கூறுகின்றார். ஆனால், நெஞ்சில் மிக்கு எழுந்ததையே முகம் காட்டும் என்பது அவர் கருத்து. நெஞ்சில் ஒன்றும் மிகாதபோது முகம் எதனைக் காட்டும்? அருகில் பொருள் இல்லாத பளிங்கு வெறுமையாய் இருத்தல் அதன் குற்றம் அன்றே! தொல்காப்பியரும் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறினார். வேலையில் ஆழ்ந்த முகம் அவ்வெட்டனுள் எதனையும் சார்ந்ததன்று.

அங்ஙனமாயின், வெறுமையான முகத்தில் மக்கள் காண்பது யாது? இற்றைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், உருசிய நாட்டுத் திரைப்பட இயக்குநர் குலெசோவ் என்பவர் இதனைக் காட்டினார். மொசூகின் என்னும் நடிகரின் அசைவற்ற முகத்தை ஒரு கிண்ணச் சாற்றுடனும், பெட்டியில் கிடத்திய பிணத்துடனும் மாறி மாறி இணைத்துக் காட்டினார். கண்டவர்கள், நடிகர் பசியையும் துயரையும் திறம்பட நடித்தார் எனப் புகழ்ந்தனராம். அவருடன் பணிபுரிந்த புதோவ்கின் இதனை எழுதி வைத்துள்ளார். முகம் மாறவில்லை, காண்பவர் மனமே மாறிற்று.

2006ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அறிஞர் இருவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். முன்பின் அறியாதவரின் முகப்படத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே கண்டவர்களும், அவர் நம்பத்தக்கவரா அல்லரா என முடிவு செய்தனர். கூடுதல் நேரம் அளித்தபோது, அம்முடிவு பெரிதும் மாறவில்லை. தம் முடிவில் அவர்கள் கொண்ட உறுதியே மிகுந்தது. ஆராயாமல் பிறந்த எண்ணம், நாள் செல்லச் செல்ல வேரூன்றுகின்றது. அன்றியும், ஆடவன் வாளா இருப்பின் “பொறுப்புடையவன்” என்கின்றோம். பெண் அவ்வாறே இருப்பின் “சிடுமூஞ்சி” என்கின்றோம். ஒரே பொருளை இரு துலாக்கோலால் நிறுத்தல் முறையாகுமோ?

என் மாணவிக்கு யான், “பொய்ச்சிரிப்பு வேண்டா, அம்மா. காலையில் உள்ளே நுழையும்போது நலம் கேட்டு ஒரு சொல் சொல், முகம் சொல்லாததைச் சொல் சொல்லும்” என்றேன். அவள் அவ்வாறே செய்தாள். உடனிருப்போர் சிலர் இப்பொழுது அவளோடு அமர்ந்து உண்கின்றனர். ஆனால், கைவிட்டுப் போன பதவி இன்னும் வரவில்லை. ஒரு சொல்லை அவள் கொடுத்துவிட்டாள். ஒரு கேள்வியைக் கேட்கும் கடமை மற்றவர்க்கும் உண்டன்றோ?

நாளை நீங்களும் பட்டறையிலோ, அலுவலகத்திலோ பலருடன் கூடி உழைப்பீர்கள். அங்கே பேசாத முகம் ஒன்றைக் காண்பீராயின், அதற்குப் பொருள் உரைக்க விரையாதீர். அருகே சென்று, “நலமா?” என்று வினவுங்கள். விடையை அவர் வாயால் கேட்டறியுங்கள். முகம் பேசும்போது அதனைப் படித்தல் அறிவு. அது பேசாதபோது நாமே ஒன்றை எழுதிப் படியாதிருத்தல் அறம்.