தீயை அளந்த கம்பிகள்

ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற எனக்கு வாய்த்த நண்பர்களுள் ஒருவர், அடுத்த தெருவில் வாழும் முதிய குயவர். தீயின் நிறங்கண்டே சூளையின் பதம் அறிவதில் அவர் வல்லவர். ஆயின், சென்ற ஆண்டு அவர் கண்களிற் புரை படர்ந்தது. அடுத்தடுத்து இரண்டு சூளைகள் பழுதுபட்டன. ஒன்றில் பானைகள் போதிய அளவு வேகவில்லை. மற்றொன்றில் மிகுதியாக வெந்து கோணின. பொங்கற் பானைகளுக்கு முன்பணம் வாங்கியிருந்தார். கண் அறுவைக்கோ பொங்கலுக்குப் பின்னரே நாள் குறித்திருந்தனர். "ஐயா, இனிச் சக்கரத்தை ஓரமாக வைக்க வேண்டியதுதான்" என்று அவர் கூறியபோது, எனக்கு ஆறுதல் மொழி கிடைக்கவில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த என் பெயரன் இதனைக் கேட்டான். அவன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவன். "தாத்தா, தீயை அளக்கும் கருவியை நம் வீட்டிலேயே செய்யலாம்" என்றான். நான் நகைத்தேன்.

அக்கருவியின் பெயர் வெப்ப மின்னிரட்டை. வெவ்வேறு உலோகக் கம்பிகள் இரண்டினை ஒரு முனையில் இணைத்துச் சூடாக்கினால், குளிர்ந்த மறுமுனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். 1821ஆம் ஆண்டில் சீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவ்விளைவைக் கண்டார். ஒரே வகைக் கம்பிகளாயின் ஒன்றும் தோன்றாது.

பெயரன் நகரத்திலிருந்து குரோமெல், அலுமெல் என்னும் கம்பிகளை வாங்கி வந்தான். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. காந்தத்தில் ஒட்டியது அலுமெல், ஒட்டாதது குரோமெல். இரண்டின் நுனிகளையும் முறுக்கி, கார் பாட்டரியின் ஒரு முனையோடு சேர்த்தான். மறுமுனையில், பழைய டார்ச்சு பாட்டரியினின்று எடுத்த கரிக்கோலைப் பொருத்தினான். பற்றவைப்போர் அணியும் கறுப்புக் கண்ணாடியை இருவரும் அணிந்துகொண்டோம். நான் குறடு பிடித்தேன். கரிக்கோல் நுனியைத் தொட்டதும் பொறி பறந்தது. கம்பி எரிந்து அறுந்தது. மறுமுறை, பொற்கொல்லர் தந்த வெண்காரத்தில் நுனியைத் தோய்த்து நொடிப்பொழுதே தொட்டான். கடுகளவு மணியொன்று திரண்டது.

"மணி கோணலாயிருக்கிறதே, அளவு பிழைபடாதோ?" என்றேன்.

"மின்னழுத்தம் மணியில் பிறப்பதன்று, தாத்தா. சூடு படிப்படியாகக் குறையும் கம்பியின் நீளத்திலே பிறப்பது. இரண்டையும் பிரியாமற் பிணைப்பதே மணியின் கடமை" என்றான்.

குளிர்முனைகளை நீர் படாதவாறு உறையிட்டுப் பனிக்கட்டியில் வைத்தோம். மணியையும் பனிக்கட்டியில் வைத்தபோது அளவி சுழியம் காட்டியது. கொதிநீரில் இட்டபோது ஏறத்தாழ 4 மில்லிவோல்ட்டு காட்டியது. அதுவே சரியான அளவு. 800 பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 33 மில்லிவோல்ட்டு வரவேண்டும். கம்பிகள் வேறெங்கும் தம்முள் தொடலாகாது. அதற்கென இரு துளையுள்ள களிமண் மணிகளை உருட்டிச் சுட்டுத் தந்தவர் அக்குயவரே.

சூளை மூட்டிய இரவு, நெடுநேரம் கழித்தும் அளவி 12 மில்லிவோல்ட்டே காட்டியது. "300 பாகைதான், இன்னும் பாதி வேக்காடுகூட இல்லை" என்றான் பெயரன்.

"தம்பி, உள்ளே நிறம் எப்படி இருக்கிறது?" என்று வினவினார் முதியவர்.

"நன்றாகச் சிவந்திருக்கிறது."

"சிவந்த பின் பாதிக்குக் குறையாது. உன் கருவிதான் தவறுகிறது."

விளக்கைக் கொண்டு தேடினோம். சூளைக்கு வெளியே களிமண் மணியொன்று உடைந்து, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. விலக்கியதும் அளவு 29க்குத் தாவியது. 33ஐ அடைந்தபோது விறகிடுவதை நிறுத்தச் செய்தார். மறுநாள் மாலை, ஆறிய பானைகளைத் தட்டினோம், கணீரென ஒலித்தன.

மாணவர்களே, பெரியோர் துணையின்றி இம்முயற்சியில் இறங்கற்க. வீட்டு மின்னிணைப்பை இதற்கு ஒருபோதும் தொடற்க. ஆயினும் இதனை நினைவிற் கொள்க: பார்வை மங்கிய முதியவரின் அனுபவம் கருவியைத் திருத்தியது, இளைஞனின் கருவி முதியவரின் தொழிலைக் காத்தது. நிலைமொழியும் வருமொழியும் புணரும் இலக்கணத்தை நாற்பது ஆண்டுகள் கற்பித்தவன் நான். வேறுபட்ட இரண்டு உறுதியாக இணைந்தால் பயன் விளையும் என்பதை, அன்றிரவு சூளையருகே நானும் கற்றேன்.