காரைத் தாழ்த்துமுன்

ஹெவ்லொக் டவுன் வீதிகளில் தரையை உரசுமாப்போல் தாழ்த்திய கார்களை நாம் காண்கிறோம். தாழ்த்தினால், வளைவில் வெளிச்சில்லுகளுக்குப் பெயரும் பாரம் குறையும், உண்மையே. ஆயினும் உயரம் மாறியதும் சில்லுகளின் சாய்வும் திசையும் மாறிவிடும். ஆகையால் முதலில் உயரத்தை அமைத்து, ஓட்டுநரின் பாரத்தையும் ஏற்றிய பின்னரே ‘அலைன்மென்ட்’ பார்த்தல் வேண்டும்.

பந்தயத்துக்கெனச் சில்லின் மேற்புறத்தை இரண்டொரு பாகை உட்சாய்ப்பர். வளைவிற் கார் சாயும்போது வெளி டயர் தரையில் நன்கு படிவதற்கே இவ்வேற்பாடு. அதே சாய்வுடன் ஹெவ்லொக் வீதியில் நாள்தோறும் ஓடினால் டயரின் உள்விளிம்பே தேயும்.

களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவின் பழைய விமான ஓடுபாதைக்கு உகந்த உயரம், 1934இல் மலையேற்றப் பந்தயம் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தொட்டவுக்கு உகவாது. மேடுபள்ளத்தில் ஸ்பிரிங் அமிழ இடமின்றேல் சில்லு தரைப்பிடியை இழக்கும். பிடியிழந்த காரில் பிரேக்கும் உதவாது. ஓடும் தளத்தை அறிந்தே அளவை முடிவுசெய்க என்பதே மாணவர்க்கு நாம் கூறுவது. உயிர் அப்பிடியிலேதான் தங்கியுள்ளது.