மவுஸைப் புடுங்கிப் பாருங்க

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆணி அதிகம். இன்னைக்கும் புடுங்க வேண்டிய ஆணி நிறைய கிடக்கு, ஆனா இதை எழுதிட்டுத்தான் அடுத்த வேலைன்னு உட்கார்ந்துட்டேன்.

போன வாரம் கல்லூரி ஜூனியர் ஒருத்தன் போன் பண்ணான். "அண்ணே, புது புராஜெக்ட். ஸ்கிரீனுக்கு எந்த லைப்ரரி போடலாம்? ஒரு பேரு மட்டும் சொல்லுங்க." பொட்டி தட்டுற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்ட கேள்விதான். அவனுக்கு நான் பேரு சொல்லல. நான் தப்பா பேரு சொன்ன கதையைத்தான் சொன்னேன். அதுதான் இந்தப் பதிவு.

பொட்டி தட்டாத நண்பர்களுக்கு ஒரு வரி விளக்கம். ஸ்கிரீன்ல நீங்க பார்க்கிற பட்டன், டைப் அடிக்கிற பெட்டி, கீழே விரியற பட்டியல், தேதி பொறுக்குற காலண்டர், இதையெல்லாம் நாங்க யாரும் சொந்தமா செதுக்குறதில்லை. ஆசாரியை வச்சு இழைக்காம, ரெடிமேட் கதவு ஜன்னல் வாங்கி மாட்டுற மாதிரி, எவனோ செஞ்சு வச்சதை எடுத்து மாட்டுவோம். கடைல கதவு பளபளன்னு இருக்கும். வீட்ல மாட்டினப்புறம்தான் தெரியும், மழைக்காலத்துல அது சாத்துமா சாத்தாதான்னு.

2023-ல நடந்தது. திருநெல்வேலியில ஒரு மருந்து மொத்த வியாபாரம். சுத்துப்பட்டு ஊர் மெடிக்கல் ஷாப்புக்கெல்லாம் அங்க இருந்துதான் சரக்கு போகும். அவங்க வச்சிருந்தது விஷுவல் பேசிக் 6-ல எழுதின பழைய பில்லிங் புரோகிராம். சாம்பல் கலர் ஸ்கிரீன், சதுரப் பட்டன். முதலாளி அண்ணாச்சிக்கு ஆசை, புதுசா, செல்போன்லயும் பார்க்கிற மாதிரி வேணும்னு. வேலை எங்க கம்பெனிக்கு வந்தது. எந்தக் கருவியில செய்றதுன்னு முடிவு பண்ற பொறுப்பு எனக்கு.

எனக்கு அப்ப தலைகால் புரியல. ரியாக்ட், அதுக்கு மேல ஒரு அழகான ரெடிமேட் லைப்ரரி. டெமோ பக்கத்துல ஒவ்வொரு பட்டனும் மின்னுது, பட்டியல் மெதுவா வழுக்கிக்கிட்டு விரியுது. எங்க டேமேஜர் "டெஸ்க்டாப்ல செஞ்சா என்ன?"ன்னு ஒரு வார்த்தை கேட்டார். "சார், அதெல்லாம் போன தலைமுறை"ன்னு சொன்னேன். சத்தியமா இந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அண்ணாச்சிக்கு டெமோ காட்டினோம். அசந்துட்டார்.

அந்த மீட்டிங்ல ஒரு ஆள் இல்லை. பதினாலு வருஷமா அந்தக் கவுண்ட்டர்ல பில் போடுற அக்கா.

முதல் நாள் காலைல பத்து மணி. எதிர்ல ஆர்டர் சீட்டோட கடைப் பசங்க, வாசல்ல லோடு ஆட்டோ. அக்கா ஸ்கிரீனையே பார்க்க மாட்டாங்க. கண்ணு சீட்டுல, கை கீபோர்டுல. பழைய புரோகிராம்ல ஒரு மருந்துக்கு ஏழே தட்டு: பேர்ல மூணு எழுத்து, என்டர், எண்ணிக்கை ரெண்டு இலக்கம், என்டர். அவ்வளவுதான், அடுத்த வரி.

என்னோட அழகு ஸ்கிரீன்ல மூணு எழுத்து அடிச்சா, அது சர்வருக்குப் போய்ப் பட்டியலைக் கொண்டு வரணும். அதுக்கு அரை செகண்டுக்கு மேல ஆகும். அந்த அரை செகண்டுக்குள்ள அக்கா கை என்டரை அடிச்சு முடிச்சிருக்கும். டேப் அடிச்சா அடுத்த பெட்டிக்குப் போகாம, பெட்டிக்குள்ள இருக்கிற குட்டிப் பெருக்கல் குறியில போய் நிக்கும். "சேர்" பட்டனுக்கு மவுஸைத் தேடணும். அக்கா ரெண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "பழகிடும்கா"ன்னு சொன்னேன்.

பதினொன்றரைக்கு ஒரு கடையில இருந்து போன். 250 மில்லிகிராம் மாத்திரை கேட்டதுக்கு 500 மில்லிகிராம் பில் ஆகி, பெட்டியும் கட்டி வந்திருக்குன்னு. நல்லவேளை, அந்தக் கடைக்காரர் பார்த்துட்டார். அண்ணாச்சி கவுண்ட்டருக்கு வந்து, அத்தனை பேர் முன்னாடி, "ஏம்மா, பதினாலு வருஷமா பில் போடுதியே, இதுகூடவா பார்க்கத் தெரியல?"ன்னு சத்தம் போட்டார்.

அக்கா ஒண்ணும் பேசல. நானும் பேசல. நான் பக்கத்துலதான் நின்னேன்.

ராத்திரி லாக் எடுத்துப் பார்த்தேன். அக்கா அடிச்ச எழுத்து சரி. புதுப் பட்டியல் வந்து சேர்றதுக்கு முன்னாடி என்டர் விழுந்திருக்கு. அந்தப் பெட்டி, முந்தின தேடல்ல இருந்த முதல் மருந்தையே எடுத்துப் போட்டிருக்கு. தப்பு நான் எழுதின ஸ்கிரீன்மேல. மறுநாளே பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டுட்டு, ரெண்டு நாள் அக்கா பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வேலைக்குச் சேர்ந்து நான் உருப்படியா படிச்சது அந்த ரெண்டு நாள்தான்.

அங்க புரிஞ்ச முதல் விஷயம். ஸ்கிரீன் கருவிகள்ல ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு, விண்டோஸ் மாதிரி இயங்குதளம் வச்சிருக்கிற பெட்டி, பட்டனையே கடன் வாங்கிக்கிறது. இன்னொண்ணு, எல்லாத்தையும் தானே வரைஞ்சுக்கிறது. ஜாவாலயே ரெண்டும் உண்டு: முதல்ல வந்த ஏடபிள்யூடி கடன் வாங்குற சாதி, 1998-ல ஜாவா 1.2-ஓட வந்த ஸ்விங் வரையுற சாதி. இப்ப ஃப்ளட்டர் வரையுற சாதி. வெப்லயும் இதே கதைதான். எச்டிஎம்எல் கொடுக்கிற 'செலக்ட்' பட்டியல் பிரவுசரோட சொந்தச் சரக்கு. எழுத்தை அடிச்சா அதுல போய் நிக்கும், அம்புக்குறிக்கு நகரும், கண் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுற மென்பொருளுக்கும் புரியும். பார்க்க மட்டும் சுமாரா இருக்கும். லைப்ரரிகள் பெரும்பாலும் அதைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் கட்டங்களை அடுக்கிப் பட்டியல் மாதிரி ஜோடிப்பாங்க. அப்ப இலவசமா கிடைச்ச பழக்கம் ஒவ்வொண்ணையும் எவனோ உட்கார்ந்து திரும்ப எழுதணும். எழுதினானா, எதை விட்டான்னு டெமோ பக்கத்துல தெரியாது.

வெப் கெட்டது, டெஸ்க்டாப் நல்லதுன்னு சொல்ல வரலை. நான் தேர்ந்தெடுத்த விதம்தான் கெட்டது. அதுக்கப்புறம் எந்த லைப்ரரி வந்தாலும் நாலு பரீட்சை வைக்கிறேன்.

ஒண்ணு, மவுஸைப் புடுங்கிடுவேன். நிஜமாவே ஒயரைக் கழட்டிட்டு, ஒரு முழு பில்லைப் போட்டுப் பார்ப்பேன். தேதி பொறுக்குற பெட்டியிலதான் முக்கால்வாசி தோத்துப் போகும். தேதியைக் கையால அடிக்க விடாத காலண்டரைக் கவுண்ட்டர் பக்கமே கொண்டு போகாதீங்க.

ரெண்டு, பன்னிரண்டாயிரம் வரி. டெமோல பத்து வரிதான் காட்டுவாங்க, அதுல எதுவும் வேகமாத்தான் ஓடும். அண்ணாச்சி கடையில மருந்து வகை மட்டும் பன்னிரண்டாயிரம் சொச்சம். நல்ல கட்டம், கண்ணுக்குத் தெரியற இருபது முப்பது வரியை மட்டும் வரைஞ்சுட்டு, உருட்ட உருட்ட அதையே மாத்திப் போடும். மொக்கை கட்டம் பன்னிரண்டாயிரத்தையும் வரைஞ்சுட்டு மூச்சு வாங்கும்.

மூணு, தமிழ். 'ஸ்ரீனிவாசன்'னு அடிங்க. கண்ணுக்கு அஞ்சு எழுத்து. ஆனா யூனிகோட் கணக்குல பதினொண்ணு: ஸ, புள்ளி, ர, ஈகாரக் கொம்பு, இப்படித் தனித்தனியா போகும். "பத்து எழுத்துக்கு மேல வெட்டு"ன்னு ஒரு பெட்டி வெட்டினா, கடைசிப் புள்ளி போய் 'ஸ்ரீனிவாசன'ன்னு மொட்டையா நிக்கும். இன்னொண்ணு, 'கொ'. கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் வரணும். பிரவுசர், ஆண்ட்ராய்டு எல்லாம் இந்த வேலையை ஒழுங்கா செய்யும். தானே வரையற சாதியில நான் பார்த்த ஒரு கட்டம் மட்டும், கொம்பையும் காலையும் ககரத்துக்குப் பின்னாடியே ஒட்டி வச்சிருந்தது. அந்த நிமிஷமே நிராகரிப்பு.

நாலு, ஆயுசு. அந்தக் கடைக்காரங்க புரோகிராமைப் பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்துவாங்க. நம்ம ஆளுங்க வருஷத்துக்கு ஒரு ஃபிரேம்வொர்க் மாத்துவோம். சில்வர்லைட் 2007-ல வந்தது, 2021 அக்டோபர்ல ஆதரவு முடிஞ்சது. ஃப்ளாஷ் 2020 டிசம்பரோட காலி. ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல வந்தது, 2016-ல வந்த ஆங்குலர் 2 அப்படியே அடியோட வேற, பழையதுக்கு 2021 கடைசியோட மூடுவிழா. நான் கேலி பண்ண விஷுவல் பேசிக் 6 பிறந்தது 1998. எழுதுற கருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2008-லேயே ஆதரவை நிறுத்தியாச்சு, ஆனாலும் அதுல எழுதின புரோகிராம் விண்டோஸ் 11-லயும் ஓடுது. யாரு போன தலைமுறை, சொல்லுங்க?

ஆயுசோட சேர்ந்த இன்னொரு விஷயம், அடுத்தவன் வீட்டுக் கதவை மாட்டினா சாவியும் அவன்கிட்டதான். ஆன்ட் டிசைன்னு ஒரு பிரபலமான லைப்ரரி. 2018 டிசம்பர் 25 காலைல, அதைப் பயன்படுத்தின எத்தனையோ தளங்கள்ல பட்டன் மேலெல்லாம் பனி படிஞ்சிருந்தது. செஞ்சவங்க முன்கூட்டியே யாருக்கும் சொல்லாம ஒளிச்சு வச்ச கிறிஸ்துமஸ் விளையாட்டு. ஆபீஸ் புரோகிராம்ல அதைப் பார்த்த முதலாளிகளுக்கு யார் பதில் சொல்றது? அதனால எந்த லைப்ரரி எடுத்தாலும் நேரடியா நூறு இடத்துல கூப்பிடாம, நம்ம பேர்ல ஒரு மெல்லிய உறை போட்டு, அது வழியா கூப்பிடுங்க. நாளைக்கு மாத்தணும்னா ஒரு இடத்துல மாத்தினா போதும்.

கடைசியில என்ன செஞ்சோம்? ரெண்டாப் பிரிச்சோம். கவுண்ட்டருக்கு டாட்நெட் விண்டோஸ் ஃபார்ம்ஸ். 2002-ல வந்த கிழவன்தான், ஆனா 2018-ல திறமூலமாக்கி, இன்னைக்கும் டாட்நெட்டோட சேர்ந்து வருது. மருந்துப் பட்டியல் கணினியிலேயே இருக்கும், சர்வர் பதிலுக்கு என்டர் காத்திருக்காது. கார்பன் தாள் வச்சு அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் நேரடியா அனுப்பலாம், ஒவ்வொரு பில்லுக்கும் "பிரிண்ட் பண்ணவா?"ன்னு பிரவுசர் பெட்டி எட்டிப் பார்க்காது. அண்ணாச்சி ராத்திரி செல்போன்ல வசூல் பார்க்கிறதுக்கு வெப். அந்த மினுமினு லைப்ரரி அங்க இருக்கு, பொருத்தமாவும் இருக்கு. ஒரே கடைதான். ஆனா ஒருத்தர் நாள் முழுக்கத் தட்டுறவங்க, இன்னொருத்தர் ராத்திரி ரெண்டு நிமிஷம் பார்க்கிறவர். ரெண்டு பேருக்கும் ஒரே கருவின்னு நான் நினைச்சதுதான் முதல் கோணல்.

புதுசு போட்ட அன்னைக்கு, அந்த 500 மில்லிகிராம் தப்பு என் ஸ்கிரீனோடதுன்னு அண்ணாச்சிகிட்ட சொன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு. அவர் "சரி விடுங்க தம்பி, அது போன கதை"ன்னுட்டு கணக்கு நோட்டுக்குத் திரும்பிட்டார்.

அக்கா பத்து பில் போட்டுப் பார்த்தாங்க. கண்ணு சீட்டுல, கை கீபோர்டுல. ஏழு தட்டு, அடுத்த வரி. "நல்லா இருக்கு தம்பி, கை நிக்கல"ன்னாங்க. எனக்குச் சந்தோஷம் தாங்கல. அப்புறம் அடுத்த சீட்டை எடுத்துக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம சொன்னாங்க:

"இன்னைக்கு அண்ணாச்சிகிட்ட சொன்னதை, அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லா தம்பி."

டிஸ்கி: ஜூனியர் தம்பி, பேரு கேட்டியே, இதுதான் பதில். முதல்ல அந்த ஸ்கிரீனை யாரு எட்டு மணி நேரம் பார்க்கப் போறாங்கன்னு கேட்டுட்டு வா. அவங்க பக்கத்துல ரெண்டு நாள் உட்காரு. அப்புறம் போன் பண்ணு, பேரு சொல்றேன்.