சாயுவா, சாயாவா?

ஆவடிப் பக்கம் ரஷ்ய மொழி தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கனரக வாகனத் தொழிற்சாலையில் முதலில் உருவானது விஜயந்தா டாங்கி. அது ஆங்கிலேயர் வடிவமைப்பு. பிறகு எண்பதுகளில் சோவியத் டி-72 வந்தது. அதையொட்டி ரஷ்ய மொழி கற்றவர்களில் என் பக்கத்துத் தெரு நண்பரும் ஒருவர்.

அவருடைய பேரன் இப்போது ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். போன வருஷம் தொலைபேசியில் அவனிடம் பெருமையாக 'சாஷ்கா சாயு' என்றிருக்கிறார். ஒரு கோப்பை தேநீர் என்று அர்த்தம். பையன் சிரித்துவிட்டான். "தாத்தா, இங்கே எல்லாரும் 'சாஷ்கா சாயா'ன்னுதான் சொல்றாங்க. உங்க ரஷ்யன் பழசாயிடுச்சு." அதற்குப்பின் அவர் பேரனிடம் ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. "சாயான்னா சேட்டன் கடை சார்" என்று என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். முகத்தில் வேடிக்கை இல்லை.

எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆனாலும் விஷயம் சட்டென்று பிடிபட்டது. பிரெஞ்சில் தேநீர் குடித்தேன் என்றால் தேநீருக்கு முன்னால் 'து' என்று ஒரு சிறு சொல் வரும். உலகத்துத் தேநீர் முழுவதையும் அல்ல, அதில் கொஞ்சம் என்று பொருள். ரஷ்ய மொழியில் அந்த வேலையை, நம் தமிழைப்போல, சொல்லின் கடைசியில் வரும் வேற்றுமை செய்கிறது. தேநீருக்கு ஆறாம் வேற்றுமை 'சாயா'. கொஞ்சம் என்ற அளவைச் சொல்லும்போது மட்டும் தேநீர், சர்க்கரை போன்ற சில சொற்களுக்கு 'சாயு' என்பதுபோல இன்னொரு வடிவமும் உண்டு.

பிரெஞ்சில் இப்படிச் சந்தேகம் வந்தால் கருத்துச் சொல்ல 1635 முதல் ஓர் அகாதெமி இருக்கிறது, நாற்பது இருக்கைகளோடு. ரஷ்யர்களில் சிலர் எண்ணிப் பார்த்தார்கள். 1976-இல் மாஸ்கோவில் கிராவுதினா, இத்ஸ்கோவிச், கத்லின்ஸ்கயா என்ற மூவர் ஓர் அகராதி வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் இரண்டு வடிவங்களில் எது எவ்வளவு வருகிறது என்று எண்ணிச் செய்த அகராதி. இன்றைய கணினி வசதி இல்லாத காலம். பதிவேட்டில் கோடு கிழித்துக் கிழித்தே ஓய்வு பெற்றவன் நான். அந்த உழைப்பு என்னவென்று எனக்குத் தெரியும்.

2004 முதல் ரஷ்ய மொழித் தேசியத் தரவகம் இணையத்தில் இருக்கிறது. கதை, நாளிதழ், கடிதம், பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து, சொல்லுக்குச் சொல் இலக்கணக் குறிப்பு இட்டு, எந்த ஆண்டு எழுதியது என்று பார்த்துத் தேடும்படி வைத்த கிடங்கு. நண்பர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து 'சாயு' என்று தட்டினோம். வந்து கொட்டியது. அவருக்கு ஒரே சந்தோஷம். படிக்க ஆரம்பித்ததும் குறைந்தது. 'தேநீருக்கு' என்ற நான்காம் வேற்றுமையும் 'சாயு'தானாம். 'எதிர்பார்க்கிறேன்' என்ற பழைய வினைச்சொல்லும் அதே எழுத்துகள். வவுச்சரைப் பார்க்காமல் தொகையை மட்டும் கூட்டுகிற கணக்கு போல ஆகிவிட்டது.

ஆகவே வரி வரியாக அவர் படிக்க, நான் நோட்டில் பிரித்துப் போட்டேன். பழைய எழுத்தாளர்களிடம் கோப்பைக்குப் பின்னால் 'சாயு' தாராளமாக வருகிறது. அண்மைக் காலத்தில் அந்த இடத்தை 'சாயா' பிடித்துக்கொண்டது. பையன் சொன்னது சரி. ஆனால் 'குடி' என்ற வினைக்குப் பின்னால், 'கொஞ்சம் தேநீர் குடிக்க' என்னும்போது, 'சாயு' இன்றும் திடமாக இருக்கிறது. அந்த வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "ஆமாம் தாத்தா, எங்க ஹாஸ்டல்லயும் அப்படித்தான் சொல்றாங்க, நான் கவனிக்கலை" என்று பதில் வந்தது. இப்போது வாரம் ஒரு நாள் ரஷ்ய மொழியில் பேசிக்கொள்கிறார்கள்.

என் மேலதிகாரி ஒருவர் குறிப்புகளில் நான் எழுதும் 'அருகாமையில்' என்பதைச் சிவப்பு மையால் அடிப்பார். அருகில் இல்லாமை என்று பொருள் வந்துவிடுமாம். இலக்கணப்படி நியாயமாக இருக்கலாம். அதைப் படித்து யாரும் வழி தவறிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்காக, எண்ணிக்கை கூடுதல் என்பதாலேயே ஒன்று சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2009-இல் காப்பி என்ற ஆண்பாற் சொல்லை அஃறிணைபோலவும் பேச்சில் சொல்லலாம் என்ற அகராதிக்கு ரஷ்ய அரசு அங்கீகாரம் கொடுத்தபோது அங்கே பெரிய ரகளையே நடந்தது. எல்லாரும் அப்படிச் சொல்ல ஆரம்பித்து வெகு காலம் ஆகியும்!

இப்போது நாங்கள் எதிர்மறை வாக்கியங்களில் இறங்கியிருக்கிறோம். 'செய்தித்தாளைப் படிக்கவில்லை' என்பதில் இரண்டாம் வேற்றுமை வரலாம், ஆறாம் வேற்றுமையும் வரலாம். பிரெஞ்சிலும் 'இல்லை' என்றதும் 'து' போய் 'த' வந்துவிடும். அதனால் எனக்கு இது சொந்த ஊர் மாதிரி. தொல்லை என்னவென்றால், ஆறாம் வேற்றுமையில் வரும் 'கஸேத்தி'யே 'செய்தித்தாள்களை' என்ற பன்மைக்கும் வடிவம். ஒவ்வொரு வரிக்கும் முன்பின் படித்தாக வேண்டும். ஒரு நாளைக்கு இருபது வரிக்கு மேல் ஓடவில்லை. நண்பருக்கு அடுத்த மாதம் கண்புரை அறுவை சிகிச்சை. அதற்குள் 1950 வரைக்குமாவது முடித்துவிடலாம் என்கிறார்.